நேம்பிளேட் பிய்ஞ்ச மோட்டார்: உள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

கிணத்துக்கடவு தம்பி:
அண்ணன் தோட்டத்துல பழைய மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கிறது) ஒண்ணு காயில் கருகிக் கிடந்துச்சுங்க. நேம்பிளேட் இருந்த இடத்துல ரிவெட் ஓட்டை ரெண்டுதான் மிச்சம். "சுத்த காப்பர்"னு சொல்லி வித்தாங்களாம். காயில் கம்பியைப் புதுசா சுத்தித் தர்ற ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கருகாத சுருள் ஒண்ணு செக்கச்செவேல்னு தெரிஞ்சுது. கடைக்காரர் பிளேடால ஒரு இழு இழுத்தார், உள்ள வெள்ளை! செவப்பு வெறும் எனாமல்தான், கம்பி மேல கரண்ட் தாண்டாம இருக்கப் பூசுற பூச்சு. அலுமினியம்.

லேத் பட்டறை:
சுரண்டுறதோட நிறுத்தாதீங்க. நான் ஏமாந்தது வேற மாதிரி. சுரண்டினா அசல் செம்புதான். சந்தேகத்துல குறுக்க வெட்டி லென்ஸ்ல பார்த்தேன்: ஓரத்துல மெல்லிசா செம்பு வளையம், நடுவுல வெள்ளை. செம்பு முலாம் போட்ட அலுமினியக் கம்பி. எனாமலை எடுத்துட்டு சாதாரண சால்டரிங் ஈயம் வெச்சுப் பாருங்க, வெறும் அலுமினியத்துல ஒட்டவே ஒட்டாது. ஆனா இந்த முலாம் கம்பியில நல்லா ஒட்டும், அதனால வெட்டித்தான் பார்க்கணும்.

அப்புறம் பேரிங். 6203ங்கிறது கம்பெனி நம்பர்னு நிறையப் பேர் நெனைக்கிறாங்க. அது அளவுதாங்க, யார் செஞ்சாலும் அதே நம்பர். எழுத்து தேஞ்சிருந்தா வெர்னியர் (நுணுக்கமா அளக்கிற கருவி) போதும்: உள் விட்டம் 17 மி.மீ., வெளி விட்டம் 40, அகலம் 12 இருந்தா 6203. கடைசி ரெண்டு எண் 04ஓ அதுக்கு மேலயோ இருந்தா, அதை 5ஆல பெருக்கினா உள் விட்டம். 6204க்கு 20, 6205க்கு 25. செஞ்சவர் பேரை வெர்னியர் சொல்லாது. அதுக்கு வளையத்துல பொறிச்சிருக்கிறதுதான் கதி, அதுலயும் போலி உண்டு.

ரிட்டயர்டு ரிலே மெக்கானிக்:
பழைய மின்சாதனங்களின் கருப்பு மூடிகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பேக்லைட்டா (பழைய கெட்டி பிளாஸ்டிக்), எபோனைட்டா (கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்) என்று பார்க்கக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். கார்பாலிக் சோப்பு வாசம் வந்தால் பேக்லைட், கந்தக வாசம் வந்தால் எபோனைட். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டுமே உருகாது; தழும்புதான் மிஞ்சும்.

கிணத்துக்கடவு தம்பி:
நன்றிங்க ஐயா. எங்க மோட்டார்ல ஒரு பக்கம் 6203, இன்னொரு பக்கம் 6204. காப்பர்லயே சுத்தச் சொல்லிட்டேன், கண் முன்னால வெட்டிக் காட்டின கம்பி. பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற இம்பெல்லர் மட்டும் மஞ்சளா இருக்குங்க. பித்தளையா, கன்மெட்டலா (செம்போட வெள்ளீயம் கலந்தது)? கடைக்காரருக்கும் குழப்பம்.