முன் கேமரா மறைக்கப்பட்டுள்ளது என்று வருகிறது, அவசரம்

ஆத்தங்கரை: அண்ணாச்சிமாரே, வண்டியில் 'முன் கேமரா மறைக்கப்பட்டுள்ளது' என்று மஞ்சள் எழுத்து வருகிறது. வண்டியைக் கோட்டுக்குள் வைக்கிற லேன் உதவி, தானாக பிரேக் பிடிப்பது ரெண்டும் நின்றுவிடுகிறது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமை சென்னை போகணும். என்ன செய்ய?

நாலுவழி: என்ன வண்டி? எந்த நேரம், எந்த ரோடு? மழையா, வெயிலா?

பழையகிளட்ச்: பேட்டரிதான். மச்சான் வண்டியில் இதேதான் வந்தது. மாத்திருங்க.

மூத்தஓட்டி: இதே கேள்வி எத்தனை தரம்தான் வரும்? வண்டியோடு ஒரு புத்தகம் கொடுப்பார்களே, அதை யாராவது திறப்பதுண்டா? இந்த வண்டிகளின் தானியங்கி வசதி லெவல் 2, அதாவது உதவி மட்டும்தான். ஓட்டுவது நீங்கள்.

நாலுவழி: புத்தகம் இருக்கட்டும் அண்ணாச்சி. தம்பி, முன் கண்ணாடி மாற்றினீர்களா?

ஆத்தங்கரை: ஆமா, போன மாசம் ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்து வெளிக்கடையில் மாத்தினேன். அதுக்கும் இதுக்கும் என்ன? காலையில் வராது. சாயங்காலம் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வரும்போதுதான்.

நாலுவழி: இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! மாலையில் மேற்கே வருகிறீர்கள். இந்த மார்ச்சில் சூரியன் நேர் மேற்கில் இறங்கும், நமக்கே கண் கூசும். கேமராவுக்கு எல்லாம் வெள்ளையாகிவிடும். காலையில் கிழக்கே போகும்போது சூரியன் மேலே ஏறியிருந்தால் கூசாது. அது ஒன்று. கேமரா முன் கண்ணாடியின் உள்பக்கம் இருப்பதால், கண்ணாடி மாற்றினால் அதை அளவு பார்த்துத் திருத்தணும். 1 டிகிரி பிசகினால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும், அதாவது பாதி லேன். கேமராவுக்கு நேரே கண்ணாடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.

பழையகிளட்ச்: ரேடார் வண்டி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நாலுவழி: முன்னால் போகிற வண்டியை ரேடார் பிடிக்கும். ரோட்டில் போட்ட வெள்ளைக்கோடு அதற்குத் தெரியாது.

டவுன்வாசி: பத்தமடை தாண்டினால் கோடு எங்கே இருக்கு? பாதி ரோட்டில் நெல் காயுது. கேமரா என்ன செய்யும் பாவம்.

வயக்காடு: பிசானப் பருவத்துல அறுத்த நெல்லை வேற எங்கே போடச் சொல்றீய? ஊருக்கு ஒரு களம் கட்டித் தாங்க, எடுத்துருதோம்.

டவுன்வாசி: ராத்திரி பைக்கில் வருகிறவன் அந்தக் குவியலில் ஏறி விழுந்தால்?

வயக்காடு: சுத்திக் கல்லு வச்சு, மேல சாக்கும் போட்டுத்தான் இருக்கு.

டவுன்வாசி: அந்தக் கல்லில்தான் இடிக்கிறான்.

மூத்தஓட்டி: தலைப்பு கேமரா.

ஆத்தங்கரை: பார்த்தேன். கண்ணாடிக் கடையில் ஃபாஸ்டேக்கை கேமரா ஓட்டையை ஒட்டியே பதித்திருக்கிறார்கள். ஒரு மூலை நகமளவுக்கு உள்ளே நீட்டிக்கொண்டு, வெயிலில் பளபளவென்று மின்னுகிறது. உரித்ததில் கிழிந்துவிட்டது, புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன். சர்வீஸில் கறுப்பு வெள்ளைப் பலகை வைத்து கேமராவையும் சரிபார்த்தாச்சு. நேற்று வீரவநல்லூர் வரை ஒன்றும் இல்லை. கல்லிடைக்குறிச்சி பக்கம் சூரியன் மலையில் இறங்கும்போது அஞ்சு நிமிஷம் வந்துவிட்டுப் போனது. நன்றி, கிளம்புகிறேன்.

பழையகிளட்ச்: எதுக்கும் பேட்டரியையும் ஒருதரம் பார்த்துக்கோங்க.