சாக்லேட்டின் காலனிய வரலாற்றைப் பள்ளிக் கண்காட்சியில் எப்படிக் காட்டுவது?

காட்பாடி ஆசிரியை:
எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சாக்லேட்டின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்க விரும்புகிறார்கள். ஆஸ்டெக் மக்கள் கொக்கோ விதையைக் காசாகப் புழங்கியதையும், 1521இல் ஸ்பானியர் அவர்கள் நாட்டைப் பிடித்ததையும், அடிமை உழைப்பில் தோட்டங்கள் பெருகியதையும் தொகுத்துவிட்டோம். இருந்தும் அது பாடநூலின் மறுபதிப்பாகவே நிற்கிறது. சாக்லேட்டிலேயே சிற்பம் செய்யலாம் என்கிறார்கள் பிள்ளைகள். வேலூர் வெயிலில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கலைஞர்கள் இந்த வரலாற்றுக்கு எவ்வாறு பதில் சொல்லியிருக்கிறார்கள்? நம் வட ஆர்க்காட்டுக்கு இதில் தொடர்பு உண்டா?

குடியாத்தம் வாசகர்:
அம்மா, தமிழ்நாட்டுக்குத் தொடர்பு உண்டு. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் கொக்கோ பயிரிட்டது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கொக்கோ விளைந்த சாவோ தோமே தீவையும் விட்டுவிடாதீர்கள். போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த அத்தீவுக்கு அங்கோலாவிலிருந்து மக்கள் அடிமைகளாகவே கொண்டுசெல்லப்பட்டதைப் பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன் நேரில் கண்டு எழுதிய பிறகும், காட்பரி உள்ளிட்ட பிரித்தானிய நிறுவனங்கள் 1909இல்தான் அங்கு கொக்கோ கொள்முதலை நிறுத்தின.

ஆரணி ஓவியர்:
உங்கள் முதல் கேள்விக்குச் சிறந்த விடை காங்கோவின் லுசாங்காவில் இருக்கிறது. பிரித்தானிய சோப்பு நிறுவனமான லீவர் எண்ணெய்ப்பனைத் தோட்டம் நடத்திய அந்த ஊரில், தோட்டத் தொழிலாளர்கள் 2014இல் ஒரு கலைக் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் ஆற்று மண்ணில்தான் சிற்பம் வடிக்கிறார்கள். அதன் முப்பரிமாணப் பதிவிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் சாக்லேட் வார்ப்பு தயாராகிறது. விற்பனைப் பணத்தில் பழைய தோட்ட நிலத்தை மீட்டுக் காடு வளர்க்கிறார்கள். 2024 வெனிஸ் கலைவிழாவில் நெதர்லாந்து அரங்கில் அவர்களது படைப்புகள் இடம்பெற்றன. பறிகொடுத்த நிலத்தைக் கலையின் வருவாயால் திரும்பப் பெறுவதையே நான் உண்மையான பதிலாகக் கருதுகிறேன். ஆகவே நீங்களும் மண்ணையே எடுங்கள். கரிகிரிக் குயவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு உரிய கூலி கொடுத்துக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

வாலாஜாபேட்டை வாசகி:
வட ஆர்க்காட்டைச் சர்க்கரை வழியாகத் தேடுங்கள். பால் சாக்லேட்டில் கொக்கோவைவிடச் சர்க்கரையே மிகுதி. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் மாவட்டத்தார் ஏராளம். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவை உள்ளன.

காட்பாடி ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. ஒவ்வொரு மண்ணுருவத்தின் அடியிலும் அப்பதிவேட்டின் ஓர் எண்ணையும் ஊரையும் மாணவர்கள் பொறிப்பார்கள். அந்த ஊர்க்காரர்களைக் கண்காட்சிக்கு அழைக்கவிருக்கிறோம்.