கப்பலின் பின்முனையில் பால்கனி அறை: 8ஆம் தளமா, 12ஆம் தளமா?

கடைசிப் பெட்டி:

ஏழு இரவுக் கடல் பயணம் ஒன்றுக்கு அறை பிடிப்பதில் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். போகிறவர்கள் நான், மனைவி, 71 வயதான அம்மா. மூவருக்கும் ஒரே அறை. எனக்குக் கப்பலின் பின்முனையைப் பார்த்த பால்கனிதான் வேண்டும். கப்பல் போட்டுவிட்டுப் போகும் வெண்ணுரைத் தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று தண்டவாளம் பின்னால் நழுவுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பைத்தியம் புரியும்.

இப்போது இரண்டு அறைகள்தான் காலி. ஒன்று 8ஆம் தளத்தில், பின்முனையின் நட்டநடுவில். மற்றது 12ஆம் தளத்தில் மூலை அறை. அதன் பால்கனி பின்பக்கத்திலிருந்து வளைந்து பக்கவாட்டுக்கும் போகிறது. படத்தைப் பார்த்தாலே வாய் பிளக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், மனைவிக்கு மலைப்பாதையில் பஸ் நான்கு வளைவு திரும்பினாலே குமட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. நூறு மீட்டர் நடந்தால் உட்கார இடம் தேடுவார். பின்பக்கம் ஆடும் என்கிறார் ஒருவர், அதிரும் என்கிறார் இன்னொருவர், புகை வரும் என்கிறார் மூன்றாமவர். நாளை மறுநாள் வரைதான் அறையை எனக்காக நிறுத்திவைத்திருப்பார்கள். எதை எடுப்பது? அல்லது ஆசையை மூட்டைகட்டிவிட்டு நடுக்கப்பலுக்கே போய்விடவா?

உப்புக்காற்று:

மூலை அறை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான்கு முறை போயிருக்கிறேன், நான்கும் பின்முனைதான். எதிர்காற்றை முழுக் கப்பலும் நமக்காக மறைத்துக்கொண்டு நிற்கும். பக்கவாட்டுப் பால்கனிக்காரர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் செய்தித்தாளை விரித்து நிதானமாகப் படித்தேன்.

எண்ணெய்க் கை:

பயணிகள் கப்பல்களின் இயந்திர அறையில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆட்டம், அதிர்வு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆட்டத்தில் முக்கியமானவை இரண்டு. பக்கவாட்டில் சாய்ந்து எழுவது ஒன்று. இதைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்குள் மீனின் துடுப்புபோல் ஸ்டெபிலைசர் துடுப்புகள் நீளும்; வேகமாகப் போகும்போது நன்றாகவே வேலை செய்யும். மற்றது, மூக்கு எழுந்து வால் தாழ்ந்து, வால் எழுந்து மூக்கு தாழும் ஆட்டம். இதைத் துடுப்புகளால் பெரிதாக அடக்க முடியாது. சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் தெரியாது, முனையில் உட்கார்ந்தவன் ஏறி இறங்கியாக வேண்டும். நீங்கள் கேட்கும் இரண்டு அறைகளுமே முனையில்தான் இருக்கின்றன. அந்த வகையில் 8க்கும் 12க்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் மூலை அறை கப்பலின் நடுக்கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும். கப்பல் பக்கவாட்டில் சாயும்போது அந்த மூலையும் சேர்ந்து ஏறி இறங்கும். உயரமும் கூடுவதால் வீச்சும் கூடும். நடுக்கோட்டில் இருக்கும் அறைக்கு இந்த இரண்டாவது தொல்லை குறைவு. குமட்டல்காரர் கூட வருகிறார் என்றால் நான் 8ஐத்தான் சொல்வேன்.

அதிர்வின் கதை வேறு. புரொப்பெல்லர் அடியில் இருக்கிறது. கீழே போகப் போகக் கூடும். திறந்த கடலில் சீராகப் போகும்போது லேசான முனகல் மட்டும்தான். துறைமுகத்தில் திரும்பி ஒதுங்கும் அரைமணி நேரம்தான் உலுக்கும். இப்போது பல கப்பல்களில் கப்பலுக்கு அடியில் தொங்கிக்கொண்டே முழு வட்டம் சுழலும் அசிபாட் மோட்டார்கள் இருக்கின்றன. பயணிகள் சொகுசுக் கப்பலில் அதை முதலில் பூட்டியது எலேஷனில், 1998இல். நீண்ட தண்டு போட்ட பழைய கப்பல்களைவிட இவற்றில் அதிர்வு குறைவு என்பது என் அனுபவம். உங்கள் கப்பல் எந்த வகை என்று பாருங்கள்.

நிழல்குடை:

எல்லோரும் கடலைப் பற்றியே பேசுகிறீர்கள், அம்மாவின் முழங்காலைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் என் மாமியாரோடு போனபோது பட்ட பாடு இது. பெரிய கப்பல் என்றால் 300 மீட்டருக்கு மேல் நீளம். நாடக அரங்கு பெரும்பாலும் முன்பக்கம்தான். எங்கள் அறை பின்கோடி. நிகழ்ச்சி பார்க்க ஒருமுறை போய்விட்டு வந்தால் அரைக் கிலோமீட்டர் நடை. நீண்ட வராந்தா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அத்தை நிகழ்ச்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாப்பாட்டுக் கூடம் அதே பின்பக்கத்தில் இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. தள வரைபடத்தில் பின்பக்க லிஃப்ட் இருக்கிறதா, அறையிலிருந்து அது எத்தனை கதவு தள்ளி என்று எண்ணுங்கள். சில கப்பல்களில் லிஃப்ட் முன்னாலும் நடுவிலும் மட்டும்தான் இருக்கும். அப்படியிருந்தால் பின்முனையை மறந்துவிடுங்கள் தம்பி, ஆசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசிப் பெட்டி:

மூவருக்கும் நன்றி. வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்து உட்கார்ந்தேன். மனைவி அதைப் பார்த்து, வீடு கட்டப் போகிறீர்களா என்று கேட்டாள்.

பின்பக்க லிஃப்ட் இருக்கிறது. 8ஆம் தள அறையிலிருந்து ஒன்பது கதவு. சாப்பாட்டுக் கூடம் அதே லிஃப்டில் நேர் கீழே, 4ஆம் தளத்தில். அறைக்கு மேலும் அறைகள், கீழும் அறைகள். 12இன் தலைக்கு மேல் 14ஆம் தளம் வருகிறது (13 என்ற எண்ணையே காணோம், கப்பல்காரர்களுக்கும் பயம்போல). அங்கே திறந்தவெளி உணவுத்தளம் போட்டிருக்கிறது. இது நல்லதா கெட்டதா? சாப்பாடு பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கு வசதிதானே என்று தோன்றுகிறது.

அரைத்தூக்கம்:

கெட்டது. என் பெயரே அதற்குச் சாட்சி. அப்படியொரு தளத்துக்கு நேர் கீழே ஆறு இரவு படுத்திருக்கிறேன். இரவில் பிரச்சினை இல்லை, 11 மணிக்கெல்லாம் அடங்கிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஊழியர்கள் தரையைக் கழுவ வருவார்கள். அதற்கு நாற்காலிகளை ஓரமாக நகர்த்த வேண்டும். யாரும் தூக்கி வைப்பதில்லை, இழுப்பார்கள். இரும்புக் கால் மரத்தரையில் போகும்போது ‘க்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம், நான்கு நொடி இடைவெளி, மறுபடி ‘க்ர்ர்ர்’. அந்த நான்கு நொடியில்தான் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டே படுத்திருப்போம். வரவேற்பு மேசையில் சொல்லிப் பார்த்தேன், மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாளும் ஐந்து மணி.

அறைக்கு அறைதான் நல்ல அண்டைவீடு. மேலே அறை, கீழே அறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

உப்புக்காற்று:

காதில் பஞ்சை வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அதற்காக அவ்வளவு பெரிய பால்கனியை விடுவதா?

அரைத்தூக்கம்:

அண்ணா, பஞ்சு காதுக்குத்தான். சத்தம் கூரை வழியாகக் கட்டிலுக்கே வருகிறது.

எண்ணெய்க் கை:

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். கப்பலைப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். வரைபடத்தில் தெரியாதது அதில் தெரியும். சில கப்பல்களின் பின்முனை சுவர்போல் செங்குத்தாக இருக்கும்; சிலவற்றில் படிக்கட்டுபோல் சரிந்து வரும். சரிவு என்றால் கீழ்த்தளப் பால்கனிகள் ஆழமாக இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் கூரை இருக்காது. மேல்தளத்தில் கைப்பிடியைப் பிடித்துக் குனிபவருக்கு உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது கரி. புகைப்போக்கி பல கப்பல்களில் பின்பாதியில்தான் நிற்கிறது. கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டரில் போகிறது. காற்றும் பின்னாலிருந்து ஏறத்தாழ அதே வேகத்தில் வந்தால் புகை விலகாமல் கப்பலோடு கூடவே வரும். அன்றைக்கு வெள்ளை நாற்காலியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரித்துகள் விழும். கையால் தட்டாதீர்கள், அப்பிக்கொள்ளும். ஈரத்துணியைப் போட்டு எடுங்கள்.

வரைபடப்பித்து:

தாமதமாக வருகிறேன். முன்பதிவு செய்யும்போது கப்பல் நிறுவனம் தன் விருப்பப்படி அறை ஒதுக்கும் மலிவு வகை ஒன்று இருக்கும். அதில் பால்கனி மட்டும்தான் உறுதி. அது எங்கே என்பது அவர்கள் கையில். அந்தப் பக்கமே போகாதீர்கள், அறை எண்ணோடு பதிவு செய்யுங்கள். இன்னொன்று, உயர்வகைக்கு இலவசமாக மாற்றுவதற்குச் சம்மதமா என்று எங்காவது ஒரு சிறு கட்டம் இருக்கும். வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். என் நண்பர் ஒருவரைப் பின்முனையிலிருந்து தூக்கி நடுக்கப்பலில் ‘உயர்ந்த’ அறையில் போட்டார்கள். அவருக்கு எதிரே தெரிந்தது உயிர்காப்புப் படகின் ஆரஞ்சு நிறக் கூரை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. பின்முனை என்றாலே நுரைத்தடம் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில் பின்முனையில் திறந்தவெளி நீர்க்காட்சி அரங்கமே இருக்கிறது. அங்குள்ள சில பால்கனிகளிலிருந்து நீச்சல் வீரர்கள் குதிப்பதை இலவசமாகப் பார்க்கலாம், ஒத்திகைச் சத்தத்தையும் இலவசமாகக் கேட்கலாம். எனக்கு அது பிடிக்கும். அமைதி தேடிப் போகிறவருக்குப் பிடிக்காது.

கடைசிப் பெட்டி:

8ஐ எடுத்துவிட்டேன். மாற்றம் வேண்டாம் என்றும் குறித்தாயிற்று. பின்பக்கப் படம் கிடைத்தது, படிக்கட்டுச் சரிவுதான். மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். பார்த்தால் பார்க்கட்டும், நாம் என்ன புதையலா எண்ணப் போகிறோம் என்றாள். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

கடைசிப் பெட்டி:

வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

அதிர்வு பற்றி எண்ணெய்க் கை ஐயா சொன்னது அப்படியே நடந்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் விடியற்காலையில் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அலை எழும். பத்து நிமிடம் கழித்துக் கட்டில் நடுங்கும். அம்மா அதை அலாரமாக வைத்துக்கொண்டார்; ஊர் வந்துவிட்டது, எழுந்திரு என்பார். யாருமே சொல்லாத ஒன்றும் நடந்தது. அலமாரியில் காலியாகத் தொங்கிய உடைமாட்டிகள் முதல் இரவு முழுக்கக் கம்பியில் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. எங்கிருந்து சத்தம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் கழற்றிப் படுக்கையில் அடுக்கி, ஒரு துண்டில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்ததும் அமைதி.

மூன்றாம் இரவு கடல் கெட்டது. மனைவி மருத்துவர் கொடுத்த மாத்திரையை மாலையிலேயே போட்டிருந்தாள், இருந்தும் பத்து மணிக்கு முகம் வெளுத்துவிட்டது. சீசா பலகை நினைவுக்கு வந்தது. 5ஆம் தளத்தில் நடுக்கப்பலில் இருக்கும் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். சோபாவில் சாய்ந்த இருபதாவது நிமிடத்தில் பேசத் தொடங்கினாள், பேசியது முழுக்க என் ஆசையைப் பற்றித்தான். அதை இங்கே எழுத வேண்டாம். நள்ளிரவில் அலை தணிந்ததும் திரும்பிவந்து தூங்கினோம். மற்ற ஆறு இரவும் ஒன்றும் இல்லை.

அம்மா இரண்டு நிகழ்ச்சிதான் பார்த்தார், நடை அதிகம் என்று நின்றுவிட்டார். நிழல்குடை அக்கா சொன்னது சரி. ஆனால் பால்கனியை விட்டு நகரவில்லை. பின்னால் கோடு கிழித்ததுபோல் ஓடும் நுரையைப் பார்த்துவிட்டு, இது எவ்வளவு தூரம் போய் அழிகிறது என்று கேட்டார். ஒரு நாள் பிற்பகல் முழுக்க இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முனை தெரியவில்லை.

உப்புக்காற்று:

நல்லது. செய்தித்தாள் படித்தீர்களா?

கடைசிப் பெட்டி:

நான்கு நாள் படித்தேன் அண்ணா. ஐந்தாம் நாள் கப்பலைவிட வேகமாகப் பின்காற்று வந்தது. விளையாட்டுப் பக்கம் மட்டும் 9ஆம் தளத்துப் பால்கனிக்குப் போய்விட்டது. அவர்கள் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.