உறக்கத்தில் தாளம் தப்பும் இதயத் துடிப்பு

கேள்வி (அம்பாசமுத்திரம்):
58 வயதாகும் எனக்கு, இரண்டு மாதங்களாகப் பின்னிரவில், நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதைப் போன்ற படபடப்பு எழுந்து உறக்கத்தைக் கலைக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்தால் இன்னும் உரக்கத் தெரிகிறது. பகலில் எடுத்த இ.சி.ஜி. சீராக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்ன செய்யலாம்?

பதில் (பாளையங்கோட்டை):
ஐயா, இ.சி.ஜி. சில விநாடித் துடிப்புகளை மட்டுமே பதிவு செய்வதால், இரவில் வந்து மறையும் கோளாறு அதில் தப்பிவிடக்கூடும். 24 மணி நேரமோ அதற்கு மேலோ மார்பில் பொருத்தியிருந்து துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது) இருப்பது அதில்தான் தெரிந்தது. அதனால் வரக்கூடிய பக்கவாதத்தைத் தவிர்க்க, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன். படபடப்பு வரும்போது மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி, காலண்டர் தாளின் பின்புறம் நேரத்தோடு குறித்து வையுங்கள். என் மருத்துவர் முதலில் பார்த்தது அந்தத் தாள்களைத்தான்.

பதில் (தென்காசி):
அண்ணாச்சி, உங்களுக்குக் குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். என் கணவருக்குக் குறட்டையின் நடுவே மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்பும். அப்படி பிராணவாயு குறையும் வேளைகளில் இதயத்தின் தாளமும் குலையலாம். தைராய்டையும் பார்த்துவிடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

கேட்டவர்:
குறட்டை உண்டு என்கிறாள் என் மனைவி. திங்கட்கிழமை படபடப்பு, குறட்டை இரண்டையும் மருத்துவரிடம் சொல்கிறேன்.