வடியவிடல்: ஓடும்போதே கழற்றும் கருவிகளுக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். கணினி ஓடும்போதே கருவியைக் கழற்றுவதை (ஹாட் அன்பிளக்) தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஹாட் அன்பிளக் என்பதற்கு 'வெப்பக் கழற்றல்' போதுமே. கெர்னல் கிராஷ் ஆவதற்கும் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்?

ஐயா, 'வெப்பம்' வேண்டாம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றுகிறோம் என்பதுதான் பொருள். 'ஓட்டக்கழற்றல்' என்றால் கேட்டவுடன் புரியும். ஆனால் பெயர் இல்லாமல் நிற்பது அதற்கு அடுத்த படி: பாதியில் இருக்கும் வேலைகள் முடியும்வரை காத்திருப்பது. கழற்றும்போது கெர்னல் (இயங்குதளத்தின் கரு) கிராஷ் ஆவது பல சமயம் அந்தப் படி விடுபடுவதால்தான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாய்க்கால் நீர்மட்டம் அளக்க நண்பர்கள் ஒரு யூஎஸ்பி கருவி செய்கிறார்கள். கேபிளை உருவினால் சில சமயம் ஒன்றும் ஆகாது, சில சமயம் லினக்ஸ் அப்படியே உறைந்துவிடும். காசான் (KASAN, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் வசதி) சேர்த்துக் கெர்னலைக் கம்பைல் செய்ததும் தெரிந்துவிட்டது: டிரைவரில் (கருவியை இயக்கும் நிரலில்), கருவியை உருவியதும் ஓடும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் நினைவகத்தை விடுவித்த பிறகும் டைமர் அதே இடத்தைத் தொடுகிறது. அந்த இடத்தை வேறு யாரும் எடுக்காதவரை பெரும்பாலும் பழைய மதிப்பே அங்கே கிடக்கும், தப்பித்துவிடும். எடுத்துவிட்டால் போச்சு. காசானின் அருமை, தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்று மூன்று தடங்களையும் சேர்த்தே காட்டுவது.

தலைமடையில் ஷட்டரை இறக்கினாலும் வாய்க்காலில் ஏற்கெனவே இறங்கிய தண்ணீர் கடைமடைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அது வடியுமுன் கரையை வெட்டினால் பக்கத்து வயல் மூழ்கும். டிரைவரிலும் அதே கதை. டிஸ்கனெக்ட் வந்ததும் 'கருவி போய்விட்டது' என்று குறித்துப் புது வேலையை நிறுத்த வேண்டும்; பாதியில் நிற்கும் யூஆர்பி (URB, கருவிக்கு அனுப்பும் யூஎஸ்பி கோரிக்கை), டைமர், ஒர்க்-கியூ (பின்னர் செய்ய வரிசையில் வைத்த வேலைகள்) எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்; கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி ஆளும் கையை எடுத்த பிறகே நினைவகத்தை விட வேண்டும். யூஆர்பியை ரத்து செய்யக் கெர்னலில் இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. 'யூஎஸ்பி அன்லிங்க் யூஆர்பி' ரத்து சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். 'யூஎஸ்பி கில் யூஆர்பி' முடியும்வரை நிற்கும். இரண்டையும் 'நிறுத்தல்' என்றே மொழிபெயர்த்தால் படிக்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

ஆகவே முதலாவதற்கு 'நிறுத்தச் சொல்லல்', இரண்டாவதற்கு 'வடியவிடல்'. டெல்டாவில் 'தண்ணி வடிஞ்சுச்சா?' என்று கேட்காத வீடு இல்லை. 'வடிகால்' பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 'வடித்தல்' என்று சுருக்க வேண்டாம், சோறு வடிப்பதோடும் சிலை வடிப்பதோடும் குழம்பும்.

விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழைக்கு 'விட்டபின் தொடல்' என்று எழுதிவருகிறேன். இதைவிடக் கச்சிதமாக யாருக்கேனும் தோன்றுகிறதா?

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து