2% தர்மமா, சட்டமா?

கணக்குப்பிள்ளை:
"சமூகப் பொறுப்பு உள்ள ஹோட்டல் கம்பெனிகளின் பங்குகளைத்தான் பெரிய முதலீட்டு ஃபண்டுகள் தேடி வாங்குகின்றன" என்று நேற்று கோவைக்காரர் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. பெரிய கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2%ஐச் சமூகப் பணிகளுக்குச் செலவழித்தே ஆகவேண்டும். வரி கட்டுகிறவரை வள்ளல் என்பீர்களா?

கோவைக்காரன்:
சார், 2% குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று யார் தடுத்தார்கள்? 2008 மும்பைத் தாக்குதல் முடிந்த கையோடு தாஜ் குழுமம் பாதிக்கப்பட்டவர்களுக்காக அறக்கட்டளை தொடங்கியது. உங்கள் 2% நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரலில். 2008இல் கொடுத்தது எந்தக் கட்டாயத்தில்?

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றாதீர்கள். கேட்டது 2% பற்றி. கொரோனாவில் ஹோட்டல்கள் பெரும் நஷ்டத்தில் ஓடின. மூன்றாண்டு சராசரியில் லாபமே இல்லையென்றால் 2% எவ்வளவு? பூஜ்ஜியம். உங்கள் வள்ளல்களுக்கு அந்த வருடம் கட்டாயமே கிடையாது.

குன்னூர்வாசி:
என் தம்பி ஒரு ஹோட்டலின் 'இளைஞர் திறன் பயிற்சி'க்குப் போனான். மூன்று மாதமும் பாத்திரம் கழுவினான். அதையும் சமூகப் பொறுப்பு என்றுதான் எழுதிக்கொள்கிறார்கள்.

கோவைக்காரன்:
சமையலறையில் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் கழுவியிருக்கிறேன்.

குன்னூர்வாசி:
உங்களுக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். அவனுக்குச் சான்றிதழ்தான்.

கணக்குப்பிள்ளை:
தம்பி கதை அப்புறம். பெரிய முதலீட்டாளர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். 2025 ஜனவரியில் ஐ.டி.சி. தன் ஹோட்டல்களைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தது. ஐ.டி.சி.யின் 10 பங்கு வைத்திருந்தவருக்கு ஹோட்டல் பங்கு 1 தானாக வந்தது. ஏற்கெனவே ஐ.டி.சி. பங்கு வைத்திருந்த எல்.ஐ.சி. கைக்கும் அப்படித்தான் வந்தது. ஐ.டி.சி.க்குச் சிகரெட்டில்தான் பெரிய லாபம், அது தெரிந்தே வைத்திருக்கிறார்கள். இண்டெக்ஸ் ஃபண்டோ சென்செக்ஸ், நிஃப்டி மாதிரி ஒரு பங்குச்சந்தைக் குறியீட்டில் இருக்கும் பங்குகளை அப்படியே வாங்கும். இதில் 2%ஐ யார் பார்த்தார்?

கோவைக்காரன்:
வந்த பங்கை விற்காமல் வைத்திருப்பதும் முடிவுதானே? பெரிய 1000 கம்பெனிகள் தண்ணீர், மின்சாரம், கழிவுக் கணக்கை வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்கிறதே, யாரும் படிக்காமலா? போன வருடமும் ஒரு பங்கு விஷயத்தில் இப்படித்தான் அடித்துச் சொன்னீர்கள். அதை நம்பி வாங்கியவன் நான்.

கணக்குப்பிள்ளை:
விற்கச் சொன்ன அன்று விற்றீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில். 2% சட்டம்தான், தர்மம் இல்லை. நூறு முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

குன்னூர்வாசி:
சான்றிதழுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.