புதுப்பிப்பு: கல்வி பட்ஜெட், இனி கூட்டுக் குழுவின் கையில்

ஆசிரியர் பணியிடங்களில் கை வைக்க வேண்டாமென்று உங்கள் அமெரிக்க மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதச் சொல்லியிருந்தோம். சட்டமன்றத்தின் இரு அவைகளின் பட்ஜெட் வரைவுகளும் வேறுபட்டால், பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் கூட்டுக் குழுதான் முடிவெடுக்கும். இனி அதன் உறுப்பினர்களுக்கே எழுதுங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது. ஜூன் கடைசியில் போகும் கடிதத்தால் பயனில்லை.

"மொத்த ஒதுக்கீடு கூடியிருக்கிறதே" என்று பதில் வந்தால் விடாதீர்கள். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் அதைவிட வேகமாக ஏறினால் ஆட்குறைப்புதான். கோவிட் கால மத்திய நிதியை ஒதுக்க 2024 செப்டம்பர் 30தான் கடைசி நாளாக இருந்தது. அந்த நிதியில் சம்பளம் பெற்ற பள்ளி ஆலோசகர்கள், உதவி ஆசிரியர்கள் நிலைமைதான் மிக மோசம்.

கடிதத்தில் மசோதா எண், ஒரே கோரிக்கை, உங்கள் பள்ளியில் பறிபோகும் பணியிடம்: இவ்வளவு போதும். நகலெடுத்த கடிதங்களை எண்ணிக்கையில் மட்டும் சேர்ப்பார்கள், சொந்த வரிகளைத்தான் படிப்பார்கள்.